இரண்டு புள்ளி வலப்பக்கம்

புக்கிட் தெங்காவில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்குச் சந்தேகப்படும் வேலை. வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து, அளந்து, ஏற்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். இருபது வருடங்களுக்கு மேல் எதையும் நம்பாமல் இருந்தே நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். பாலத்தைத் தாண்டித் தீவுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விடுவதில்லை. மனைவி மீன் வாங்கி வந்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். "நான் பாத்துதான் வாங்கினேன் லா" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் பார்ப்பேன்.

இப்படிப்பட்ட ஆள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியே இருக்கக் கூடாது. வாங்கினேன். இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், மடக்கும் துணிக்கூரை, கம்பிச் சக்கரங்கள். என் வயதுதான் அதற்கும். தினமும் ஏதாவது ஓர் இடத்தில் எண்ணெய் ஒழுகும். ஒழுகாத அன்று எண்ணெயே இல்லையோ என்று பயம் வரும்.

அதன் சக்கரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மற்றக் கார்களைப் போல நான்கைந்து நட்டுகள் கிடையாது. நடுவில் காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. ஈயச் சுத்தியலால் அந்தக் காதில் அடித்து இறுக்க வேண்டும். சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புக் குடத்தை ஹப் என்பார்கள். இடப்பக்க ஹப்பின் மரை, அதாவது நட்டு திருகி ஏறும் புரி, ஒரு திசையிலும் வலப்பக்க ஹப்பின் மரை அதற்கு எதிர்த் திசையிலும் வெட்டப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் கார் ஓட ஓட நட்டு தானாகவே இறுகும். பக்கம் மாறிவிட்டால் ஓட ஓடத் தானாகவே கழலும்.

இதை எனக்கு முதல் நாளே சொன்னவர் மெக்கானிக் அண்ணன். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் அவருடைய பட்டறை. சுவரில் மாதா படம், அதன் கீழே சின்ன நீலவிளக்கு, அதற்கும் கீழே ஸ்பானர்கள் வரிசையாக. எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை தெரியாது. நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். தீவில் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கும் அவர்தான் கதி. பழைய பிரிட்டிஷ் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லக்கூடியவர் வேறு யாரும் இங்கே இல்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. காரை உள்ளே ஏற்றியதும் இரும்பு மடிப்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார். யாரையும் பக்கத்தில் நிற்க விடமாட்டார். "நீங்க நின்னா கை ஓடாது அண்ணே. கடையில போய் ஒரு தே தாரேக் குடிங்க" என்பார். கதவை ஏன் சாத்த வேண்டும்? ஒளிக்க எதுவும் இல்லாதவன் திறந்தே வைப்பான் என்றது என் தொழிற்சாலை மூளை.

இதற்குமேல், பட்டறையின் மூலையில் தார்பாய் மூடிய ஒரு கார் கிடந்தது. கதவு இடுக்கு வழியாக அதன் கம்பிச் சக்கரத்தை ஒருமுறை பார்த்துவிட்டேன். என் காரேதான், அதே மாடல். ஒவ்வொரு தடவை போகும்போதும் தார்பாய்க்குள் அதன் உருவம் கொஞ்சம் மாறியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. மனிதர் தனக்கென்று ஒரு கார் கட்டுகிறார். எங்கள் கார்களிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி அதில் மாட்டுகிறார், தேய்ந்ததை எங்களுக்குத் தள்ளிவிடுகிறார்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகப்படுபவன் கேட்கமாட்டான், ஆதாரம் சேர்ப்பான்.

மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, என் காரில் கைக்கு எட்டிய ஒவ்வொரு பாகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் புள்ளி வைத்தேன். இடப்பக்கப் பாகங்களுக்கு ஒரு புள்ளி, வலப்பக்கத்துக்கு இரண்டு. பாகம் மாறினால் புள்ளி இருக்காது. தொழிற்சாலையில் இறுக்கிய போல்ட்டுக்கெல்லாம் இப்படித்தான் அடையாளம் போடுவோம். "என் நகத்துக்குப் போட்டத விட உங்க காடிக்குப் போட்டதுதான் அதிகம்" என்று மனைவி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அடுத்த முறை முன்சக்கர பேரிங்குகளுக்குக் கிரீஸ் மாற்றக் காரை அவரிடம் விட்டேன். திரும்ப வந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அருகில் உட்கார்ந்தேன். ஹப்பில் புள்ளிகள் இருந்தன. ஆனால் நான் வைத்த சிவப்பு இல்லை, கொஞ்சம் கத்தரிப்பூ கலந்த சிவப்பு. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

மனிதர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று தோன்றியது. பாகத்தை மாற்றிவிட்டு, நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று என் புள்ளியையும் போலியாக வைத்திருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நினைத்தது சரியாகப் போய்விட்ட சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை வீட்டு வாசலில் நானே இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றினேன். இரண்டு ஹப்பையும் உருவி, பேரிங்குகளின் எண்ணைப் பார்ப்பதற்காகப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தேன். எண்களைக் குறித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே பேசினில் அள்ளிப் போட்டு உள்ளே ஓடினேன். மழை விட்ட பிறகு பார்த்தால், எது எந்தப் பக்கத்து ஹப் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு புள்ளி இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை அவர் வைத்த புள்ளிகள், போலிப் புள்ளிகள். அவற்றை எப்படி நம்புவது? என் ஞாபகத்தை நம்பினேன். இது இந்தப் பக்கம் கிடந்தது, அது அந்தப் பக்கம் கிடந்தது என்று மாட்டினேன். நட்டின் மேலிருந்த, கழற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் ஐம்பது வருடச் சுத்தியலடியில் எப்போதோ மழுங்கிப் போயிருந்தன. எந்தப் பக்கம் அடித்தால் இறுகியதோ அந்தப் பக்கம் அடித்தேன். நன்றாகவே இறுகியது.

மறுநாள் காலையில் பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் வாங்கப் போனோம். மலைச்சாலையின் இறக்கத்தில், "என் காலுக்குக் கீழே ஏதோ தட்டுது" என்றாள் மனைவி. பழைய கார் என்றால் தட்டத்தான் செய்யும் என்றேன். "இல்ல, பொம்பள பேச்சக் கொஞ்சம் கேளுங்க. நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இடப்பக்க முன்சக்கரத்தின் நட்டு கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம். அதற்கு அப்பால் அரையடி புல், பிறகு பள்ளம்.

சாலையோரம் நின்று, கார்க்காரர்களுக்கென்று நாங்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் புலனக் குழுவில் எழுதினேன். சக்கரத்தின் படத்தையும் போட்டேன். 'போன வாரம் பட்டறையிலிருந்து வந்த கார். என் மனைவி இன்று செத்திருப்பாள். அவரிடம் விடுபவர்கள் ஒருமுறை யோசியுங்கள்.' இடையில் நான் கழற்றி மாட்டியதை எழுதவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று இங்கே சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. எழுதினால் வாக்கியம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

காரை இழுவை லாரியில் ஏற்றி அவர் பட்டறைக்கே கொண்டுபோனேன். என் முன்னால் ஹப்பைக் கழற்றட்டும், மாற்றிய பாகத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டையை மாற்றவில்லை. மடிப்புக் கதவை முழுதாகத் திறந்து, "உள்ள வாங்க அண்ணே, பக்கத்துலயே நில்லுங்க" என்றார். அத்தனை வருடத்தில் முதல் தடவை.

சக்கரத்தைக் கழற்றினார், ஹப்பை உருவினார். கந்தலால் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தார். அந்த நட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

"அண்ணே, ரெண்டு புள்ளி வலது பக்கம்தானே?" என்றார்.

"புள்ளியா?" என்றேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தார். கத்தரிப்பூச் சிவப்பு. "நீங்க வச்ச புள்ளி மொத நாளே தெரியும். தின்னர்ல கழுவினா எல்லாம் போயிருது. திரும்ப வந்து பாத்து, காணோம்னா உங்களுக்குத் தூக்கம் வராது. அதான் வீட்டுக்காரியோடத எடுத்து, நீங்க வச்ச இடத்துலயே வச்சேன். கலர் கொஞ்சம் வேற, அது தெரியும். பசார்ல தேடினேன், உங்க கலர் கெடைக்கல."

அவர் தொடர்ந்து ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவுறப்ப ஒன்னு முடிச்சிட்டுத்தான் அடுத்ததத் தொடுவேன். ரெண்டையும் ஒன்னா கழட்டவே மாட்டேன். பக்கத்துல ஆள் இருந்தா பேச்சுல மாறிடும்னுதான் கதவைச் சாத்துறது. நடுவுல நீங்க தொறந்தீங்களா?"

"திறந்தேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூலைக்குப் போய்த் தார்பாயை விலக்கி எதையோ தேடினார். அந்தக் காரை முழுதாகப் பார்த்தேன். அதில் என்ஜின் இல்லை, பின்சக்கரம் இல்லை, கதவு இல்லை. போன வருடம் என் கிளச்சுக்கு எங்கிருந்தோ கிடைத்தது என்றாரே, அந்தப் பாகம் இருந்த இடமும் காலியாக இருந்தது. அந்தக் கார் வளரவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேரும் அதை மாதாமாதம் தின்றுகொண்டிருந்திருக்கிறோம். அதிலிருந்து கடைசியாக இருந்த ஒரு நட்டை எடுத்துவந்து, மரை நசுங்கிப் போயிருந்த என் நட்டுக்குப் பதிலாக மாட்டினார். அம்புக்குறி அதில் தெளிவாகத் தெரிந்தது.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலையில மூனு பேரு போன் பண்ணாங்க. காடியத் திரும்ப எடுத்துக்கிறாங்களாம். ஏன்னு கேட்டேன், சொல்லல. ஒருத்தரு மட்டும் உங்க மெசேஜ அனுப்பினாரு. கோயில்ல உக்காந்து படிச்சேன்." சாவியை என் கையில் கொடுத்தார். "ஓட்டிப் போங்க சார். இப்ப சரியா இருக்கு."

அண்ணே என்பது சார் ஆனதை அப்போதே கவனித்தேன். அதைக் கவனிக்காதவனாக நடித்தேன்.

உண்மையை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறை எழுதும்போதும் என்னைக் காப்பாற்றும் ஒரு வரி எப்படியோ உள்ளே நுழைந்துவிடும். கடைசியில் மனைவி கைப்பேசியை வாங்கி, 'ஹப்பை மாற்றி மாட்டியது நான். அவர் மேல் தப்பில்லை. பொய் சொன்னேன்' என்று மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். அனுப்பு பொத்தானை நான்தான் அழுத்தினேன். கார்களை எடுத்துப் போன மூன்று பேரும் திரும்ப அவரிடமே போய்விட்டார்கள். குழுவில் யாரும் என்னைத் திட்டவில்லை. மீன்குழம்பு எப்படி வைப்பது என்று வேறு பேச்சு ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லார் காரையும் அவர் எடுக்கிறார். நான் கேட்டால் மட்டும் "எடமில்ல சார்" என்பார். இரண்டு தடவை நேரில் போனேன். பட்டறை காலியாகத்தான் இருந்தது. அவரும் அதை மறைக்கவில்லை. மடிப்புக் கதவு திறந்தே கிடந்தது.

இப்போது என் காரை நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் கழற்றுகிறேன். தெரியாத இடம் வந்தால் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவரைக் கூப்பிடுகிறேன். ஒருமுறைகூட எடுக்காமல் இருந்ததில்லை. பொறுமையாகக் கேட்பார், சரியாகச் சொல்வார். சொல்லத் தொடங்கும் முன் மட்டும், ஒவ்வொரு தடவையும், அதே குரலில் கேட்பார்:

"எந்தப் பக்கம் சார்? நல்லா பாத்துச் சொல்லுங்க."