தாளில் இருந்த நோயாளி

நர்சிங் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துபவருக்கு மாணவிகள் வைத்த பெயர் 'நோட்ஸ் மேடம்'. அவர் சொல்லச் சொல்ல எழுதினால் போதும், பாஸ். இந்த வருடம் கல்லூரி அந்த வழியை அடைத்துவிட்டது. ஒரு நோயாளியின் கதையைத் தாளில் கொடுத்துவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தாங்களே துருவிக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டால் தகவல் தரலாம், விடை தரக்கூடாது.

முதல் கதைக்காக மேடம் வெகுதூரம் போகவில்லை. எழுபத்திரண்டு வயது, பல வருட இன்சுலின். சர்க்கரை ஒருநாள் எகிறும், மறுநாள் தலைசுற்றும் அளவுக்கு இறங்கும். வயதையும் வேலையையும் மாற்றியிருந்தாலும் ஆள் அவருடைய மாமனார்தான். "திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறீங்க மாமா" என்று சொன்ன நாளிலிருந்து அவர் மருமகளிடம் பேசவில்லை. ஒன்பது நாளாகிறது. இன்சுலின் அளவைக் கூட்டச் சொல்லி டாக்டரைப் பார்க்க, திங்கட்கிழமைக்கு நேரமும் வாங்கியாகிவிட்டது.

"இனிப்பு சாப்பிடுறாரா மேடம்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"இல்லைங்கிறார்."

"அப்ப நம்புவோம்" என்றாள் எதிர் நாற்காலிக்காரி. "ஊசிய எங்க போட்டுக்கறார்?"

"வயித்துல."

"தினமும் ஒரே இடத்துலயா?"

மேடம் தாளைப் புரட்டினார். அதில் இல்லை. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று வருடா வருடம் எழுத வைத்தவர் அவர்தான்.

"நாளைக்குக் கேட்டுட்டு சொல்றேன்."

"தாள்ல இருக்கிற ஆள்கிட்டயா மேடம்?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"மாமா, சட்டையக் கொஞ்சம் தூக்குங்க."

"ஏன், இனிப்ப ஒளிச்சு வச்சிருக்கேனான்னு பாக்கவா?"

ஆனாலும் தூக்கினார். தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு தடிப்பு, விரலுக்கு ரப்பர் போலத் தட்டுப்பட்டது.

"எப்பவும் இங்கயேவா?"

"அங்க வலிக்காதும்மா. வலிக்கிற இடத்துல எவன் குத்திப்பான்?"

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போனால், அங்கே போட்ட மருந்து ஒருநாள் ஏறாது, இன்னொரு நாள் வேகமாக ஏறும். மேடம் அப்போதே டாக்டருக்கு ஃபோன் செய்தார். இடத்தை மாற்றச் சொன்ன டாக்டர், புது இடத்தில் மருந்து முழுதாக ஏறும் என்பதால் அளவைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்றார்.

"தப்பு என்னுதுதான் மாமா."

அவர் பேப்பரை மடித்தார். "எங்க குத்திக்கறேன்னு உன்கிட்ட யாரு கேட்டது?"

"என் ஸ்டூடண்ட் ஒருத்தி. உங்க கதையத்தான் பேர் சொல்லாம, அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு கிளாஸ்ல கொடுத்தேன்."

"நாளைக்கு அவளுக்கு விடையச் சொல்லிடுவியா?"

"சொல்லக் கூடாது. தடிப்பு இருக்குன்னு மட்டும் சொல்லலாம்."

"சரி. அதுக்கப்புறம் என்ன கேக்கறாங்கன்னு வந்து எனக்குச் சொல்லு."