வட்டகொடை ஸ்டோரில் ஒரு சண்டை விமானம்

பழைய ஆகாய விமானம் திருத்துகிறவனுக்கு, "என்ன வேலை செய்றீங்க?" என்ற கேள்வியைப் போலப் பெரிய தொல்லை வேறில்லை. ரேடியோ, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் என்று எதையாவது அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

இலங்கையின் மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே, மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையில்தான் அந்த விமானம் கிடந்தது. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். உலக யுத்தம் முடிந்த பிறகு கழிவாக விற்றதை யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை வாங்கிக் கொண்டுவந்து போட்டாராம். ஒற்றை ஆசனம், முன்னால் ஒரு பெரிய எஞ்சின், வால் பக்கம் முழுக்கத் துணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்து மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் துரை அதைப் பறக்கவைத்தே தீருவேன் என்று கிளம்பினார். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த பறங்கியர்; தோட்டத்துத் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். ஸ்டோர் ஓடிய காலத்தில் அதன் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "செல்வம், கொழுந்து அரைக்கிற மெஷின் பாத்தவனுக்கு இது பெரிய வேலையாடா?" என்றார். பெரிய வேலைதான். அது பிறகுதான் தெரிந்தது.

குளவி

முதல் நாள் வால் பக்கத்துக் கிழிந்த துணியை உரித்தோம். உள்ளே விலா எலும்பு மாதிரி மரச்சட்டங்கள். அவற்றின் நடுவே பானை அளவில் ஒரு குளவிக்கூடு. நான் பார்ப்பதற்குள் துரை தன் கைத்தடியால் அதைத் தட்டிவிட்டார், காய்ந்த மண் என்று நினைத்து.

அறுபதைத் தாண்டிய மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தொப்பி ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடியவரை, அந்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்காதான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைப் போட்டு மூடிக் காப்பாற்றினார். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "எங்கள கொட்டிருச்சுன்னு லயத்து வீட்டுக்குப் போனா, வேலைக்குக் கள்ளம்னு சொல்லுவீங்களே. இப்ப தெரியுதுங்களா தொரை?"

பெண் பார்க்கப் போனது

பொகவந்தலாவையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பலகாரம் எல்லாம் சாப்பிட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா மெதுவாகத் தொழிலைப் பற்றி விசாரித்தார். விமானம் திருத்துகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வேலை என்று நினைத்துவிட்டார். இல்லை, வட்டகொடையில் என்றேன். முகம் சுருங்கியது. எத்தனை விமானம் என்றார். ஒன்றுதான் என்றேன். அது பறக்குமா என்றார். இன்னும் இல்லை, பறக்கவைக்கத்தான் திருத்துகிறோம் என்றேன்.

அடுத்த அறையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். அந்தச் சிரிப்புதான் பிறகு எனக்கு மனைவியாக வந்தது. ஆனால் மாமனார் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப பறக்காத வரைக்கும் வேலை இருக்கு, பறந்துட்டா வேலை இல்ல. அப்படித்தானுங்களே மாப்ள?"

தையல்

இரும்பையும் மரத்தையும் ஒருவாறு சமாளித்தோம். துணிதான் எங்களைக் கொன்றது. இங்கிலாந்திலிருந்து வந்த லினன் துணியை வால் முழுக்கப் போர்த்தி, குறிப்பிட்ட முடிச்சுப் போட்டுக் கையால் தைக்க வேண்டும். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் காற்று கிழித்துக்கொண்டு போய்விடும். நானும் துரையும் தைத்ததைப் பார்த்தால் சாக்கு மூட்டை தோற்றுப்போகும்.

பாக்கியம் அக்காவையும் அவரோடு மூன்று பெண்களையும் பின்னேரங்களில் வரச்சொன்னோம். விமானத்தின் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த கனகசபை மாஸ்டர் அதைப் படித்துத் தமிழில் சொல்வார். யாழ்ப்பாணத்து மனிதர், உள்நாட்டு யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்ததால் விடுமுறைக்கும் ஊர் போக வழியில்லாமல் எங்களோடு ஒட்டிக்கொண்டவர். அவர் பேசுகிற தமிழ் பெண்களுக்கு விளங்காது, பெண்கள் கேட்பது அவருக்கு விளங்காது. நடுவில் நான், தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.

தைத்து முடித்துத் துணியை விறைக்கவைக்கும் மருந்து பூசினோம். ஸ்டோர் முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசம். மழை ஈரத்தில் மருந்து வெளுத்துப் பூத்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, மாசி வெயில் வரும்வரை காத்திருந்து மறுபடி பூசினோம். காய்ந்ததும் துணி உறுமியைப் போல விறைத்து நின்றது. பாக்கியம் அக்கா அதை விரலால் சுண்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "வெறும் துணிங்க இது. இதுக்குள்ளயா புள்ளைங்கள உக்கார வச்சி சண்டைக்கு அனுப்புனாங்க?"

செக் பொயின்ட்

விமானியின் கைப்பிடித் தடியில் வெடிப்பு விழுந்திருந்தது. கொழும்பில் ஒருவரிடம் ஒட்டவைத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியில் ஆமி செக் பொயின்ட். எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறகு பையைத் திறந்தார்கள். தடியின் நுனியில் வட்டமான பிடி, அதில் சுடுகிற பொத்தான்.

"இது எதனுடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். விமானத்தினுடையது என்று உண்மையைச் சொன்னேன். பஸ் போய்விட்டது. சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். இப்படி உட்காரவைக்கப்பட்டு, வருஷக்கணக்கில் வீடு திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் மனைவி நிறைமாசம். என்னைக் காவல் காத்த இளம் சிப்பாய் தன் போத்தலிலிருந்து தண்ணீர் தந்தான்.

பஸ் கண்டக்டர் வட்டகொடையில் சொல்லியிருக்கிறார். பொழுது சாய்கிற நேரம் துரை தன் பழைய ஜீப்பில் வந்து சேர்ந்தார். செக் பொயின்ட் அதிகாரி அவர் சொன்னதை நம்பாமல், எங்களையும் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு நேரே ஸ்டோருக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தோம். அதிகாரி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் சின்னப் பையனைப் போல ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தடியை அவரே என் கையில் தந்தார். எல்லாரும் வண்டியில் ஏறிய பிறகு, அந்த இளம் சிப்பாய் மட்டும் பின்தங்கி என் காதருகே சிங்களத்தில் சொன்னான்: "அண்ணே, இது பறந்தா என்னை ஊர்ல எறக்கிவிடுங்க. லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

முதல் சத்தம்

எஞ்சினை முதன்முதலில் ஓட்டிய நாளன்று விமானத்தை முற்றத்தில் நிறுத்தி, வாலை ஸ்டோரின் இரும்புத் தூணோடு கம்பியால் கட்டினோம். துரை ஆசனத்தில். லயத்து சனம் முழுக்கச் சுற்றி நின்றது. இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது பாருங்கள்! எதிர் மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அடித்தது. தேயிலைச் செடிகள் படுத்தே விட்டன. துரை அழுதார். நான் அழுதேனா என்று தெரியவில்லை, முகமெல்லாம் எண்ணெய்.

நிறுத்திய பிறகு கனகசபை மாஸ்டரைத் தேடினோம். காணோம். ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்குள், தலையைக் கைகளால் மூடியபடி குந்தியிருந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு. பாதை மூடுவதற்கு முன் ஒருமுறை ஊருக்குப் போய்க் குண்டுவீச்சில் சிக்கியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அத்தனை வருஷமும் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கைகொடுத்து மேலே எடுத்தேன். அவர் நேரே போய் விமானத்தின் இறக்கையில் உள்ளங்கையை வைத்தார். "இது குண்டு போடாத பிளேன் எண்டு மண்டைக்குத் தெரியும், தம்பி. காலுக்கு ஆர் சொல்லுறது?"

பறந்த நாள்

சமாதானம் பேசத் தொடங்கிய காலத்தில்தான் பறப்பதற்கான அனுமதி கிடைத்தது. பாதை திறந்ததும் மாஸ்டர் யாழ்ப்பாணம் போய்விட்டார். இறக்கைகளைக் கழற்றி, லொறிகளில் ஏற்றி, கினிகத்தேனை மலை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறக்கி, ஒரு பழைய விமானத் திடலில் மறுபடி பூட்டினோம். ஓட்டுவதற்கு இங்கிலாந்திலிருந்து துரையின் நண்பர் வந்தார். தோட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு வர வேண்டும், பிறகு விமானம் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்விடும் என்று ஏற்பாடு.

அது ஓடத் தொடங்கியபோது நான் இறுக்கிய ஒவ்வொரு நட்டும் அவிழ்ந்துகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. வால் தூக்கியது. சக்கரம் தரையை விட்டது. பக்கத்தில் நின்ற துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அது ஒரு புள்ளியாகி மலைப்பக்கம் மறைந்தது. திரும்பி வந்து இறங்கும்வரை நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். இறங்கிய விமானி, மலைநாடு முழுக்கப் பஞ்சு மாதிரி முகில் மூடிக் கிடந்தது, ஒன்றுமே தெரியவில்லை என்றார்.

மறுநாள் தோட்டத்துக்குப் போய்ப் பாக்கியம் அக்காவிடம் பயந்து பயந்து கேட்டேன். "ஒண்ணுமே தெரியல தம்பி, ஒரே பனி. ஆனா சத்தம் வந்திச்சு. கூடைய எறக்கி வச்சிட்டு மலையே அண்ணாந்து நின்னிச்சு. கொழுந்து கொறைஞ்சும் தோட்டத்துக் கண்டாக்கையா யாருக்கும் அரைப்பேரு போட்டு அரைநாள் சம்பளத்த வெட்டல."

ஆக, அத்தனை பேர் கூடி வருஷக்கணக்கில் திருத்திய விமானம் பறந்ததை எங்கள் தோட்டத்தில் ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லை; அது பறக்கவில்லை என்று சொல்லவும் இன்றுவரை அங்கே ஒருவர்கூட இல்லை.