எலுமிச்சை மணக்கும் டிரம்

நான் வேதிப்பொறியியல் கற்பிக்கும் கல்லூரி தென்காசிக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஆய்வகத்தின் பின்புறம், துறைத்தலைவரின் ஜன்னலுக்குக் கீழே, ஒரு நீல டிரம். சாணக் கரைசலில் கேன்டீன் மிச்சச் சோற்றைப் போட்டு என் மாணவர்கள் எரிவாயு எடுத்து, ஒரு சின்ன அடுப்பை எரியவைத்துக்கொண்டிருந்தார்கள். கழிவு என்று எதையும் விடாமல், ஒரே பொருளிலிருந்து எண்ணெய், வாயு, உரம் என்று அடுத்தடுத்து எடுப்பது பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதைப் பலகையில் வரைந்து காட்டினால் யாருக்கும் கை அழுக்காகாது. பிள்ளைகளே கலக்கட்டும் என்று கேட்டு வாங்கிய வகுப்பு இது.

துறைத்தலைவருக்கு அரை மனது. "அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன் மேடம். அடுப்பு எரிஞ்சா சரி. இல்லைன்னா பழையபடி நீங்க செஞ்சு காட்டுங்க, அவங்க பாத்து எழுதட்டும்" என்றார்.

மறுநாளே அடுப்பு அணைந்துபோனது.

வழக்கம்போல் எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம். மூடியைச் சரியாக இறுக்கவில்லையோ? குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் விடாமல் விழுந்ததே, குளிரில் நுண்ணுயிரிகள் சோர்ந்துவிட்டனவோ? மூடியைத் திறந்து முகர்ந்தேன். நாற்றத்துக்குப் பதில் எலுமிச்சை வாசனை.

"என்ன போட்டீங்க?"

ஒரு மாணவி பெருமையாகச் சொன்னாள்: "அருவிக்கரை ஜூஸ் கடையில தோலை மூடையா வாங்கிட்டு வந்து போட்டோம் மேடம். சிவில் பயலுவ நம்மள 'சாணி கிளாஸ்'னு கேலி பண்ணுதானுவ. இப்ப எவனாவது மூக்கைப் பொத்தட்டும், பாப்போம்!"

"கோயிலுக்குள்ள நிக்க மாதிரி மணக்குல்லா மேடம்?" என்றாள் இன்னொருத்தி.

மணத்தது உண்மைதான். தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரிகளை முடக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இங்கே கெடுத்தது எண்ணெயா, சாரலா? நான் சொல்லிவிட்டால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

வீட்டில் மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டே புலம்பினேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். கூழ் பிடிக்கவில்லையா, வயிறு சரியில்லையா என்று அந்தக் கவலை வேறு. கணவர் சிரித்தார். "புள்ளைக்குப் புதுசா ஒரு காய் குடுத்தா ரெண்டு நாளைக்கு வேற எதையும் கண்ணுல காட்ட மாட்டே. எது ஒத்துக்கலன்னு தெரியணும்பே. அந்த டிரம்முக்கு மட்டும் மூடையோட கொட்டலாமாக்கும்?"

மறுநாள் பிள்ளைகளைப் புதுச் சாணம் கரைத்துப் பாட்டில்களில் ஊற்றச் சொன்னேன். ஒன்றில் சோறு மட்டும். இன்னொன்றில் சோறும் தோலும். வாயில் பலூனை மாட்டி, இரண்டையும் ஒரே சுவரோரம், ஒரே குளிரில் வைத்தார்கள். அதன் பிறகு வகுப்புக்கு முன்னால், சாப்பாட்டு வேளையில், பஸ் ஏறப் போகும்போது என்று ஓடி ஓடிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அவர்கள் இல்லாதபோது.

வெள்ளிக்கிழமை சோற்றுப் பலூன் நிமிர்ந்து நின்றது. தோல் போட்டது துவண்டு கிடந்தது.

துறைத்தலைவர் அடுப்பைத்தான் முதலில் பார்த்தார். "எரியலையே மேடம்."

நான் வாயெடுப்பதற்குள், தோல் போட்டதை அன்று பெருமையாகச் சொன்ன மாணவி பாட்டில்களைத் தூக்கிக் காட்டினாள். "குளிர் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். தோல்தான் கெடுத்துட்டு. நாங்கதான் போட்டோம்."

"அப்போ தோலைத் தூரப் போட்டிர வேண்டியதுதானே?"

"எதுக்கு சார்? காய்ச்சி எண்ணெயை முதல்ல எடுத்திருவோம். சக்கையைப் பொறவு போடுவோம்."

அடுத்த வாரம் நடத்துவதற்காக நான் பத்திரமாக வைத்திருந்த பாடம் அது. அவர் துவண்ட பலூனை விரலால் சுண்டிப் பார்த்தார். "சரி, அதையும் செஞ்சு பாருங்க. வகுப்பு நடக்கட்டும். டிரம்மை மட்டும் என் ஜன்னலை விட்டு நகத்துங்க."

அவர் போன பிறகும் எனக்கு முழு நிம்மதி வரவில்லை. எப்போதாவது வாய்தவறி விடையைச் சொல்லிவிட்டேனோ? அவளிடமே கேட்டேன்: "எண்ணெய்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தோலை மடக்கினா கண்ணுல பீச்சுதுல்லா மேடம். தண்ணின்னா அப்படியா எரியும்?"

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டே டிரம்மை இழுத்துப் போனார்கள். நான் மூட்டையில் மிச்சமிருந்த ஒரு தோலை எடுத்து, கண்ணருகே வைத்து மடக்கினேன். நன்றாகவே எரிந்தது.