ஆறாம் திகதிப் பூச்சிகள்

தினமும் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் ரயிலேறி அருங்காட்சியகத்துக்குப் போய், பூச்சிப் பெட்டிகளில் இருக்கும் சீட்டுகளைக் கணினியில் பதிவது கனகலிங்கத்துக்குப் பதினொரு வருட வேலை. இந்த வாரப் பெட்டியில் அமெரிக்காவிலிருந்து வந்த இலைச்சுருட்டி அந்துப்பூச்சிகள் பதினெட்டு இருந்தன. நகத்தளவு உடல், காய்ந்த புகையிலை நிறம். அதன் புழு எந்த இலையைச் சுருட்டுகிறது என்பதுகூட யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்தச் சீட்டுகளில் இருப்பதுதான்.

6/2, 6/3, 6/3, 6/4 என்று பிடித்த திகதி எழுதிய பதினேழு சீட்டுகள். மாதம் தவறாமல் ஆறாம் திகதி வலையோடு புறப்படுகிற ஒழுங்கான மனிதர் ஒருவர் பிடித்தவை என்று மனத்துக்குள் மெச்சியபடியே பதிந்தார். பதினெட்டாவது சீட்டில் 6/19 என்றிருந்தது. பத்தொன்பதாம் மாதம் ஏது? அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். எல்லாமே ஜூன். கனகலிங்கம்தான் பூச்சியைப் பெப்ரவரிப் பனியில் பறக்கவிட்டிருந்தார்.

பிழையைச் சொன்னதும் பொறுப்பாளர் லூக்காஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடுங்கள், ஹெர் கனகலிங்கம். பதிந்ததைத் திருத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் பூச்சியை யார் தேடப் போகிறார்கள்?"

முதுகு வலித்தது. விட்டுவிடலாம் என்றுதான் கனகலிங்கத்துக்கும் முதலில் தோன்றியது. ஊர்ப் பத்திரத்தில் 1959.04.11 என்றிருந்த அவருடைய பிறந்த நாளை, இங்கே வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் நவம்பர் நான்கு என்று எழுதிவிட்டார்கள். திருத்தக் கேட்டுப் போட்ட 'அன்ட்ராக்' என்கிற விண்ணப்பம் திரும்பி வந்தது: முதலில் பதிந்ததே செல்லும். ஏப்ரல் என்று இருந்திருந்தால் இந்த ஜூலையிலேயே ஓய்வுக்குப் போயிருப்பார். இப்போது ஒக்டோபர்; இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

"படிவங்களைத் தாருங்கள்" என்றார்.

ஐந்தரைக்கு மனைவி புஷ்பராணி அழைத்தாள்.

"எங்க நிக்கிறியள்? புட்டு ஆறுது."

"வரச் சுணங்கும். பூச்சியின்ர திகதி பிழைச்சுப் போச்சு."

"உங்கட திகதியையே திருத்த ஏலாத மனுசன், பூச்சிக்கு அன்ட்ராக் போடுறாராம்!"

"ஓம். இதில பிழை விட்டது நான்தானே. நான் கையெழுத்து வைச்சால் திருத்துவினம்."

"சரி, முடிச்சுப் போட்டு வாங்கோ. சூடாக்கித் தாறன்."

காரணம் என்ற கட்டத்தில் 'பதிந்தவரின் பிழை' என்று பதினாறு முறை எழுதிக் கையெழுத்திட்டார். மிஞ்சியிருந்த ஒரு சீட்டைக் கடைசியாக எடுத்தார். 6/6. எப்படி வாசித்தாலும் ஒன்றுதான். அதற்குப் படிவம் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை மூடினார்.