ஒரு நூல் இடைவெளி

என் வீட்டுக்காரர் லூ தெஹாய் மேஜைக்கோ நாற்காலிக்கோ ஓர் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. மரத்தில் துளையும் அதில் இறங்கும் கழுந்துமாகவே பொருத்தி, முப்பது வருஷம் சூச்சோ நகரில் தச்சு வேலை செய்து பிழைத்தார். அந்த மனுஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது என் வாய்தான்.

எங்கள் மகள் ரூயிங்கின் சீதனத்துக்குக் குளிர்காலத்தில் ஒரு சதுர மேஜை செய்தார். நான்கு சட்டத்திலும் காடிப் பள்ளம் வெட்டி நடுப்பலகையைச் செருகினார். பலகையைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி தெரிந்தது.

“என்னங்க இது, பல்லிளிக்குது? சம்பந்தி வீட்ல சிரிக்க மாட்டாங்க?”

“மழையில பலகை ஊதும்டி. அதுக்கு இடம் வேணும்.”

“ஊதுறப்போ பாத்துக்கலாம். மூடுங்க!”

மூன்று நாள் நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் அகலப் பலகை போட்டு இறுக்கிவிட்டார். கல்யாணத்தன்று எல்லோரும் தடவிப் பார்த்து மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிளம் பழுக்கும் மாதத்து மழை வந்தது. சுவரெல்லாம் வியர்த்தது. ஒரு நாள் காலையில் அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அந்த மேஜை தாங்காது.”

ரூயிங் மூன்று மாதக் கர்ப்பம். சீதனச் சாமான் வெடித்தால் வந்தவள் ராசி சரியில்லை என்கிற ஊர் இது. இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு ஓடினோம். ஒவ்வொரு பாலம் ஏறும்போதும், ‘இன்னும் கொஞ்ச நேரம் தாங்கு, தாயே’ என்று அந்த மேஜையைக் கெஞ்சினேன்.

தாங்கவில்லை. மூலை இணைப்பு பிளந்து கிடந்தது. ரூயிங் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“இப்பத்தான் படார்னு வெடிச்சுது,” என்றாள் சம்பந்தியம்மா. “உங்க பொண்ணு என்னத்த கொண்டுவந்திருக்காளோ!”

“அவ மேல ஒண்ணும் இல்லீங்க,” என்றார் என் வீட்டுக்காரர். “இடம் விடாம இறுக்கினது நான். தொழில் தெரியாதவன் செய்யற தப்பு.”

நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா பிளவைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“ஏம்மா நிக்கிற? உக்காரு,” என்றாள் ரூயிங்கிடம். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “தப்பா நினைக்காதீங்க. தொட்டிலுக்கு வேற ஆசாரிகிட்ட சொல்லிக்கிறோம்.”

“சரிங்க,” என்றார்.

தொட்டிலுக்கென்று அவர் இழைத்துவைத்த கற்பூர மரப் பலகைகள் எங்கள் கட்டிலடியில் கிடந்தன. வீடு வரும்வரை அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.