என் மருமகளுக்கு எப்போ போன்?

என் தங்கச்சி போன் ரிப்பேர் கடை வச்சிருக்கா. தண்ணியில விழுந்தது, வண்டி ஏறினது, புருஷன் பொண்டாட்டி சண்டையில பறந்தது, எல்லாத்துக்கும் உயிர் கொடுப்பா. தெருவே அவளை போன் டாக்டர்னுதான் கூப்பிடும். ஆனா பெத்த பொண்ணுக்கு ஒரு போன் கொடுக்க மாட்டேன்னுட்டா. என் மருமக ஏழாவது படிக்கிறா. வகுப்புல போன் இல்லாத ஒரே ஆள் அவதான். அம்மாகிட்ட கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் வேன் ஓட்டுறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடை ஸ்டூல்லதான் கிடப்பேன். இன்னும் எத்தனை வயசாகணும்னு நான் கத்தினா, வயசைப் பாத்துக் கொடுக்க அது என்ன ஓட்டுரிமையா அண்ணேன்னு கேட்டுட்டு ஸ்க்ரூவை முடுக்குவா. சரியான கல்லுளிமங்கி.

ஸ்கூல் விட்டு வந்ததும் மருமக கடையில கூடமாட ஒத்தாசை பண்ணுவா. புது ஸ்க்ரீன் போட்ட போனைச் சோதிக்கிறது அவ வேலை. ஒரு ஐகானை விரலால பிடிச்சு, மூலை முடுக்கு விடாம ஸ்க்ரீன் முழுக்க இழுத்துட்டே போகணும். நடுவுல அது நின்னுட்டா அந்த இடத்துல டச் வேலை செய்யலைன்னு அர்த்தம்.

அன்னைக்கு அவ கையில இருந்தது, கூடப் படிக்கிற சிநேகிதியோட போன். பாதிதான் இழுத்திருப்பா, மேலேருந்து ஒரு மெசேஜ் எட்டிப் பாத்துச்சு. வகுப்புப் பிள்ளைங்க குரூப். 'நம்ம ரிப்பேர் ராணி ஊர் போனையெல்லாம் நோண்டுறா, சொந்தமா ஒரு போனுக்கு வழியில்ல.' பக்கத்துல வரிசையா சிரிப்பு பொம்மைங்க. எங்க வீட்டுப் பொண்ணைத்தான் சொல்லுதுங்க! எனக்கு ரத்தம் கொதிச்சுது. திறடி, இன்னும் என்னென்ன எழுதியிருக்குதுங்கன்னு பாத்துடலாம்னேன்.

அவ முகம் சுண்டிப்போச்சு. கண்ணு கலங்கிச்சு. ஆனா விரலை எடுக்கல. "இது அவ போன், மாமா"ன்னுட்டு, கடைசி மூலை வரைக்கும் இழுத்து முடிச்சா.

கொஞ்ச நேரத்துல சிநேகிதி வந்தா. மருமக போனைக் கொடுத்துட்டு, அவ கண்ணைப் பாத்துச் சொன்னா: "டெஸ்ட் பண்ணும்போது குரூப்ல என்னைப் பத்தி ஒரு மெசேஜ் வந்துச்சு. தானா வந்ததைப் பாத்தேன். வேற எதையும் திறக்கல. ஆனா அப்படிப் பேசறது எனக்குக் கஷ்டமா இருக்கு." அந்தப் பிள்ளைக்கு மூஞ்சியில ஈயாடல. சாரின்னு முணுமுணுத்துட்டுப் போச்சு.

இவ்வளவு நேரமும் குனிஞ்ச தலை நிமிராம வேலை பாத்துட்டிருந்த தங்கச்சி அப்பதான் வாயைத் திறந்தா. "நீயா இருந்தா திறந்திருப்ப, இல்ல அண்ணே?"

திறந்து, பதிலுக்கு நறுக்குனு நாலு வார்த்தை எழுதியும் இருப்பேன்னு உள்ளதைச் சொன்னேன்.

"போய் ஒரு சிம் வாங்கிட்டு வா. இவளுக்கு."

எனக்குத் தலைகால் புரியல. நம்ம வீட்டுப் பிள்ளையா இதுன்னு பெருமை தாங்கல. மருமக எகிறிக் குதிப்பான்னு பாத்தா, மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சா.

நான் வண்டிச் சாவியை எடுக்கும்போது ஒரு பெரியவர் உடைஞ்ச போனோட வந்தார். மருமக லாக் நம்பரைக் கேட்டா. சின்னப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவர் தயங்கி, என் தங்கச்சியைப் பாத்தார். பெத்த பொண்ணை ஒரு நாளும் வாய்விட்டுப் புகழ்ந்தறியாதவ, தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னா:

"அவகிட்டயே சொல்லுங்க சார். அவ என் பொண்ணு."