காணிக்கைக் கவரில் இரண்டு பெயர்கள்

பர்னபாஸுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது. ரங்கூனின் லத்தா வட்டாரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டின் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாகச் சுங்கப் படிவம் நிரப்புகிறவர். பெயர், வேறு பெயர் உண்டா, தகப்பன் பெயர் என்று எதையும் விடக்கூடாது. ஒன்று விட்டுப்போனாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். அப்படிப் பழகிய கை, மகள் விஷயத்திலும் அதையே செய்துவிட்டது.

ரங்கூன் தமிழர் பலரைப் போல மகளுக்கும் இரண்டு பெயர். அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் ஏ ஏ வின் என்ற பர்மியப் பெயர். வீட்டிலும் சபையிலும் ரோஸ்லின். அமெரிக்காவில் ஒரு பழைய பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவள், அங்கே மாணவர்களே நடத்தும் பத்திரிகையில் சேர்ந்தாள். ஊரில் தன்னோடு படித்தவர்களை ராணுவம் பிடித்து உள்ளே போட்டதைப் பற்றி எழுதினாள். பெயர் போடாமல் வெளியிடலாமா என்று அங்கே மண்டபத்தில் விவாதமே நடந்ததாம். பெயரில்லாத எழுத்தை யார் நம்புவார்கள் என்று ஒரு கட்சி, அவளைப் பெற்றவர்கள் ரங்கூனில் இருக்கிறார்களே என்று ஒரு கட்சி. கடைசியில் இவளே எழுந்து, ரோஸ்லின் என்று போடுங்கள், அதுவும் என் பெயர்தான் என்றாளாம். அந்தப் பெயர் எந்தச் சர்க்கார் காகிதத்திலும் இல்லை என்ற தைரியம்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்கப்பா" என்றும் சொன்னாள்.

அவரும் வாய் திறக்கவில்லை, அந்த வகையில் மனுஷன் உத்தமர்தான். ஆனால் பெருமை உள்ளே கிடந்து அரித்தது. அந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல், 'ஏ ஏ வின் (எ) ரோஸ்லின், அமெரிக்காவில் மாணவர் பத்திரிகையில் எழுதக் கிருபை கிடைத்ததற்காக' என்று அச்சுப்போல எழுதிப் போட்டார். பத்திரிகை என்றுதானே எழுதினோம், என்ன எழுதினாள் என்று சொல்லவில்லையே என்று அவருக்கு ஒரு சமாதானம்.

கவரில் இருப்பதைப் போதகர் பீடத்திலிருந்து வாசிப்பார். வாசித்தது சபையின் வாரத் தாளில் அச்சாகும். அந்தத் தாள், வெளிநாடு போன சபையாருக்காக ஃபேஸ்புக்கில் ஏறும். இது அவருக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும், அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் வார்டு அலுவலகத்துக்காரர் ஒருவர், முன்பின் தெரியாத ஓர் ஆளோடு வந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊ பர்னபாஸ், மகள் எப்போது வருகிறாள்?" என்று பர்மியத்தில், பெரியவர்களுக்குப் போடும் 'ஊ' போட்டு மரியாதையாகவே கேட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு. டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது" என்றார் இவர், தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே.

கூட வந்த ஆள் தன் போனைத் திருப்பிக் காட்டினான். முதலில் சபைத் தாள். விரலால் தள்ளினான், மகளின் கட்டுரை. வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

மனைவி இராஜகுமாரி, மகளுக்கென்று தைத்து வைத்திருந்த புதுச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் விபிஎன் போட்டு மகளைக் கூப்பிட்டார்.

"டிசம்பர்ல வராதம்மா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு. வார்டுலேர்ந்து வந்தாங்க."

"ரோஸ்லின் நான்தான்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

போதகர் மேல் பழியைப் போடலாம், ஃபேஸ்புக் மேலும் போடலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன.

"நான்தாம்மா எழுதிக் குடுத்தேன். காணிக்கைக் கவர்ல, உன்னோட ரெண்டு பேரையும் சேத்துப் போட்டு."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார்.

"உங்கள ஒண்ணும் பண்ணலியேப்பா?" என்றாள் அவள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வதற்குள் பர்னபாஸ் அழுதுவிட்டார்.